அலை ஓயும்போது



‘அலை எப்போ ஓயும், தலை எப்போ முழுகும்’ என்று ஒரு பழமொழி. கடல் ஓயாது, ஓயட்டும் என்று காத்திருந்தால் குளிக்கவே முடியாது. ஆனால் ஒரு நோயில் அலை உண்மையாகவே ஓயும். மாதக்கணக்கில் ஓயும், சிலருக்கு ஆண்டுக்கணக்கில். பைபோலார் என்று பரவலாகவும் இருமுனை மனநிலைக் கோளாறு என்று தமிழிலும் சொல்லப்படும் நோய் அது. ஒரு முனையில் கட்டுக்கடங்காத எழுச்சி, மறுமுனையில் ஆழ்ந்த சோர்வு, இரண்டுக்கும் நடுவே நீண்ட அமைதி. அந்த அமைதிக் காலத்தில் குடும்பத்தாரை உட்காரவைத்துப் பழக்கும் பயிற்சி இன்று ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று இன்று பார்ப்போம்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாகப் படுக்கையை விட்டு எழாத மகன் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பரணைச் சுத்தம் செய்கிறான். குளித்துவிட்டுப் பாடுகிறான். விட்டுப்போன நண்பர்களுக்கெல்லாம் போன் போடுகிறான். “சாமி கண்ணத் தொறந்துருச்சு” என்று அம்மா நேர்த்திக்கடனை முடிக்கக் கிளம்புகிறார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அவன் இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. வராத சீட்டுப் பணத்தை நம்பி ஓட்டல் தொடங்க முன்பணம் கொடுத்திருக்கிறான். தடுத்த அப்பாவிடம், “என் வளர்ச்சி உங்களுக்குப் பொறுக்கல” என்கிறான்.

வீட்டார் குணமாகிவிட்டது என்று கொண்டாடியது நோயின் மறுமுனையை. காய்ச்சல் வந்தால் யாருக்கும் தெரியும். இது மட்டும் நல்ல செய்தியின் வேடத்தில் வாசலில் நிற்கும். அதனால்தான் அன்பு மட்டும் போதாமல் பயிற்சி தேவைப்படுகிறது.

அடித்தளம் மருந்துதான்; அதில் ஐயம் வேண்டாம். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் என்ற எளிய உப்பு எழுச்சியை அடக்குவதை எழுதிக்காட்டினார். இன்றும் அது முதல்வரிசை மருந்து. ஆனால் மருந்தை ஒழுங்காக எடுத்தும் மறுபடி நோய் தாக்குவது உண்டு. அந்த இடைவெளியில்தான் குடும்பத்தின் வேலை தொடங்குகிறது.

இதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை இருக்கிறது. நோயாளியை வாசலில் விட்டுவிட்டு உறவினர் திரும்பிப்போவதே வழக்கமாக இருந்த 1950களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். பக்கத்திலிருந்து பார்க்கவும் பேசவும் அவர்களைப் பழக்கினார். நம் வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் அதே பத்தாண்டில், நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்கியாக வேண்டும் என்ற முறையைக் கைக்கொண்டது. துணைக்கு வந்தவரே மாணவரும் ஆனார்.

சரி, இதனால் பலன் உண்டா? ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. நோய் அடங்கியிருந்த 113 பேரின் வீடுகள் அதில் சேர்ந்தன. ஒரு பகுதி வீடுகளில், பராமரிப்பவர்களுக்கு மட்டும் 12 வகுப்புகள், வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம். நோயாளி ஒரு வகுப்பிலும் உட்காரவில்லை. ஆனாலும் அந்த வீடுகளில் நோய் திரும்புவது குறைந்தது. பாடம் படித்தது அம்மா, பலன் மகனுக்கு.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. குறைந்தது எழுச்சி நிலைதான். சோர்வு நிலை அசையவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 69 நோயாளிகளுக்கே முன்னறிகுறிகளைக் கண்டுகொள்ளக் கற்றுத்தந்த ஆய்வும் 1999-இல் இதையே சொன்னது: எழுச்சி தள்ளிப்போயிற்று, சோர்வு தள்ளிப்போகவில்லை. இந்தக் கலைக்கு ஒரு கை வலுவானது, ஒரு கை மெலிந்தது.

வலுவான கை என்ன செய்கிறது? முதலில், முன்னறிகுறிகளை எழுதவைக்கிறது. புத்தகத்திலிருந்து அல்ல, அந்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்து. ஒருவர் எழுச்சிக்கு முன் பளபளக்கும் சட்டை வாங்குவார். இன்னொருவர் பேச்சுக்கு நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவுவார். வேறொருவர் ஊரில் எல்லோருக்கும் கடன் கொடுப்பார். பெரும்பாலோருக்குப் பொதுவானது தூக்கம். தூக்கம் குறைந்தும் களைப்பு தெரியவில்லை என்றால் அது அபாயமணி. ஒரு இரவு கண்விழித்தாலே சிலருக்கு நோய் கிளம்பிவிடும். ஆகவே கல்யாண வீட்டு விழிப்பு, கோயில் கொடை, நைட் ஷிஃப்ட் எல்லாவற்றையும் முன்கூட்டி யோசிக்க வேண்டியிருக்கிறது.

லித்தியம் எடுப்பவர் வீட்டில் சமையலறைக்கும் ஒரு பாடம் உண்டு. திடீரென்று உப்பை நிறுத்துவது, வெயிலில் வியர்த்து நீர் வற்றுவது, பேதி, கடையில் கேட்டு வாங்கும் சில வலிமாத்திரைகள், இவையெல்லாம் ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். கை கடுமையாக நடுங்கினால், நாக்கு குழறினால், நடை தள்ளாடினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் கூடாது.

இரண்டாவது பாடம் பேச்சு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மிக்லோவிட்ஸும் துணைவர்களும் வகுத்த குடும்பப் பயிற்சியில் ஒன்பது மாதங்களில் 21 அமர்வுகள். நோயை அறிவது, பேசிப் பழகுவது, சிக்கலைச் சேர்ந்து தீர்ப்பது என்று மூன்று படிகள். நடுப்படியில் நாடக ஒத்திகை போலப் பேசிப் பார்க்கிறார்கள். கேட்பது, பாராட்டுவது, குத்தாமல் வேண்டுகோள் வைப்பது. வீட்டில் பேச என்ன ஒத்திகை என்று சிரிக்கத் தோன்றும். “சோம்பேறி, எழுந்திரு” என்பதற்கும், “ரெண்டு நாளா நீ சாப்பிடல, எனக்குக் கவலையா இருக்கு” என்பதற்கும் உள்ள தூரம் பழகாமல் கடக்கக்கூடியதா?

இனி, குறை. முன்னறிகுறியைக் கற்ற வீடு சில சமயம் காவல் நிலையமாகிவிடுகிறது. மகன் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால், “மாத்திர போட்டியா?” மருமகள் கோபப்பட்டால், “டாக்டர்கிட்ட போலாமா?” நியாயமான கோபத்தையும் உண்மையான மகிழ்ச்சியையும் நோயின் கணக்கில் எழுதிவிட்டால், அந்த மனிதருக்குச் சொந்தமாக என்ன மிஞ்சும்? எதைக் கவனிப்பது என்று கற்பிக்கும் பயிற்சி, எதை விட்டுவிடுவது என்றும் கற்பித்தாக வேண்டும். நான் ஒரு பயிற்சியை எடைபோடும் கல் இதுதான்.

வீடு காவல் நிலையமாகாமல் இருக்கச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஒருவர் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் யார் பேச வேண்டும் என்றும் நியமிக்கலாம். ஓய்ந்த காலத்தில் அவரே எழுதிய வாக்கு, கொந்தளிப்பில் அவருக்கே துணைக்கு வரும். “நான் தூங்காமல் மூன்று நாள் ஆனால் ஏடிஎம் கார்டை அக்காவிடம் கொடுத்துவிடுவேன்” என்று அவரே சொன்ன ஒப்பந்தம் இருந்தால், அக்கா கேட்கும்போது அது பறிப்பு ஆகாது.

மெலிந்த கையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சோர்வு முனையில் பயிற்சி நோயைத் தடுக்காமல் போகலாம். உயிரைக் காக்க உதவ முடியும். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். விதைக்காது. கேட்டால் பேச்சு திறக்கும். கேட்டபின் தனியே விடாமல் உடனிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. மருந்தோடு சேர்ந்து நடக்கும்வரை இது பயனுள்ள கலை. எழுச்சியை முன்கூட்டிப் பிடிப்பதில் வல்லது, சோர்வில் இன்னும் கற்க வேண்டியது. வேவு பார்ப்பதில் போய் நிற்குமானால் தோற்றது.

உங்கள் வீட்டில் இப்போது அலை ஓய்ந்திருக்கிறதா? இந்த வாரமே ஒரு தாளை எடுத்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். நோய் வரும்போது தெரியும் மூன்று அடையாளங்களை அவரையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். தாளைத் திருப்பி, நோயோடு தொடர்பே இல்லாத, அவருடைய இயல்பான மூன்று குணங்களையும் எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.