கடையநல்லூர்க் குடும்பத்தின் இரண்டு சந்தைகள்



அரபு நாடுகளின் போட்டிச் சட்டங்களைப் பற்றிப் பேசக் கெய்ரோவிலோ ஜெனீவாவிலோ கூடுவது வழக்கம். இந்தக் கருத்தரங்கம் கடையநல்லூரில் கூடியிருப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. தறியை நம்பி வாழ்ந்த ஊர் இது. நெசவு சோறு போடாத காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் கப்பலேறி மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். சிங்கப்பூரில் அவர்கள் அமைத்த முஸ்லிம் லீக், 1946இல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையே தொடங்கியது. பேரப்பிள்ளைகள் காலத்தில் திசை மாறி, துபாய், ரியாத், தோஹா என்றானது. இன்று இங்கே பல குடும்பங்கள் ஒரு நாட்டின் சந்தையில் சம்பாதித்து இன்னொரு நாட்டின் சந்தையில் செலவழிக்கின்றன. இரண்டு இடத்திலும் விலையைத் தீர்மானிப்பவர் யார் என்பது அவர்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

அரபு உலகில் துனிசியா 1991இலேயே போட்டிச் சட்டம் இயற்றியது. ஜோர்டானும் சவுதியும் 2004இல், எகிப்து 2005இல், கத்தார் 2006இல், குவைத் 2007இல், ஐக்கிய அரபு அமீரகம் 2012இல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த உடன்பாடுகளும் உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனைகளும் பல நாடுகளை இந்தப் பக்கம் தள்ளின. அந்தச் சட்டங்களை எழுதியவர்களின் மனத்தில் முதலில் நின்றவர் முதலீட்டாளர். மாதம் ஆயிரம் திர்ஹம் வாங்கும் தொழிலாளி அந்தச் சட்டங்களில் எங்கே நிற்கிறார்? நோக்கவுரையைப் படித்தால் நுகர்வோர் என்ற பெயரில் தென்படுவார். விலக்குப் பட்டியலைப் படித்தால் காணாமல் போய்விடுவார்.

அமீரகத்தின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் தொலைத்தொடர்பு, நிதி, எண்ணெய், மருந்து, மின்சாரம், போக்குவரத்து ஆகிய துறைகளை மொத்தமாக வெளியே நிறுத்தியது. ஊரைவிட்டுப் போனவருக்கு வீட்டோடு பேசுவதும், பணம் அனுப்புவதும், விடுப்பில் வந்து போவதும் தவிர்க்க முடியாத செலவுகள். மூன்றும் அந்தப் பட்டியலுக்குள் அடங்கின.

தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். 1976இல் தொடங்கிய அமீரகத் தொலைத்தொடர்பு நிறுவனமான எதிசலாத்துக்கு, 2006இல் ‘டு’ நிறுவனம் உரிமம் பெறும்வரை போட்டியே இல்லை. இரண்டிலும் அரசுக்குப் பங்கு உண்டு. வாட்ஸ்அப்பில் செய்தி போகும். குரல் அழைப்பு போகாது. பிள்ளையின் முகம் பார்த்துப் பேச விரும்புகிறவர், அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளுக்காக இணைய அழைப்புத் தொகுப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. சவுதி அரேபியா 2017 செப்டம்பரில், தன் விதிகளுக்கு உட்பட்ட இணைய அழைப்புச் செயலிகள் மீதிருந்த தடையை நீக்கியது. பக்கத்து நாட்டில் முடிந்தது அமீரகத்தில் ஏன் முடியவில்லை என்பது போட்டிச் சட்டம் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. 2023இல் அமீரகம் கொண்டுவந்த புதிய ஆணைச் சட்டம் துறைவாரி விலக்கை எடுத்துவிட்டது. இது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் அரசு நிறுவனங்களுக்கு அமைச்சரவை விலக்கு தரும் வழி திறந்தே இருக்கிறது.

இறக்குமதிப் பொருள்களின் கதை வேறு. அமீரகத்தின் 1981ஆம் ஆண்டு வணிக முகமைச் சட்டப்படி, பதிவு செய்த உள்நாட்டு முகவருக்கே ஒரு பிராண்டை இறக்குமதி செய்யும் தனியுரிமை. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவரை விலக்குவது எளிதாக இருக்கவில்லை. 2022இல் வந்த சட்டம் அந்தப் பிடியைத் தளர்த்தியது.

இனி, இந்தியாவின் பக்கம். வளைகுடாப் பணத்தில் இந்த வட்டாரத்தில் எழும் வீடுகளுக்கு வேண்டியது சிமெண்ட். ஒப்பிட்டுப் பார்க்க முதலில் எகிப்து. அங்கே சிமெண்ட் நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைத்ததாக வழக்கு வந்தபோது, 2008 ஆகஸ்டில் கெய்ரோ நீதிமன்றம் நிர்வாகிகள் 20 பேருக்குத் தலைக்கு ஒரு கோடி எகிப்திய பவுண்டு அபராதம் விதித்தது. குற்றம் நடந்த காலத்தில் சட்டம் அனுமதித்த உச்சத் தொகையே அவ்வளவுதான். அந்த ஆண்டே வரம்பு உயர்த்தப்பட்டது. இந்தியாவில் கட்டுநர் சங்கம் 2010இல் புகார் கொடுத்தது. 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம் 11 நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தாழையூத்தில் 1949 முதல் ஆலை நடத்தும் இந்தியா சிமெண்ட்ஸும், விருதுநகர்ப் பக்கம் ஆலை வைத்திருக்கும், அன்று மெட்ராஸ் சிமெண்ட்ஸ் எனப்பட்ட நிறுவனமும் அந்தப் பட்டியலில் இருந்தன. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. வாதங்களைக் கேட்காத ஒருவர் ஆணையில் கையெழுத்திட்டார் என்ற காரணத்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015இல் அதை ரத்து செய்தது. ஆணையம் 2016இல் மறுபடியும் அபராதம் விதிக்க, 2018இல் மேல்முறையீட்டில் அது உறுதியாகி, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எகிப்தின் அபராதம் சிறியது, ஆனால் விரைவானது. இந்தியாவின் அபராதம் பெரியது, ஆனால் வசூலாகாதது. இரண்டு நாட்டிலும் அந்த ஆண்டுகளில் சிமெண்ட் வாங்கி வீடு கட்டியவருக்கு ஒரு காசுகூடத் திரும்பி வரவில்லை.

பொருளுக்கு மட்டும்தான் போட்டி என்று நினைப்பது பெரும் பிழை. ஒரே முதலாளியிடம்தான் வேலை செய்யலாம் என்று கட்டிப்போடும் வளைகுடாவின் கபீல் முறை, உழைப்பை வாங்குபவருக்குக் கிடைத்த ஏகபோகம். ஒப்பந்தம் முடிந்தவர் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறிடம் போகலாம் என்று அமீரகம் 2011இல் விதியை மாற்றியது. அதன் விளைவைச் சுரேஷ் நாயுடு, யா நியார்க்கோ, ஷிங்-யி வாங் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களின் வருமானம் 10 விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருந்தது. போகலாம் என்ற உரிமை வந்ததும் இருந்த இடத்திலேயே சம்பளம் உயர்ந்தது என்பதுதான் இதில் முக்கியம். பலர் பழைய முதலாளியிடமே தங்கினார்கள். கத்தார் 2020இல் இதே வழியில் நடந்து, 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியத்தையும் அறிவித்தது. போட்டிச் சட்டங்களால் ஆகாததை ஒரு தொழிலாளர் விதி செய்து காட்டியிருக்கிறது.

போட்டி இருந்துவிட்டால் மட்டும் போதுமா? வளைகுடாவிலிருந்து இந்தியாவுக்குப் பணம் அனுப்பும் செலவு உலக அளவில் குறைந்தவற்றுள் ஒன்று. தெருவுக்குத் தெரு இருக்கும் எக்ஸ்சேஞ்ச் கடைகளின் போட்டி இதற்கு ஒரு காரணம். ஆனால் அவற்றில் பெரிய பெயராக இருந்த யுஏஇ எக்ஸ்சேஞ்ச், 2020 மார்ச்சில் புதிய பரிவர்த்தனைகளை நிறுத்தியது. அதன் மேற்பார்வையை அமீரக மத்திய வங்கி எடுத்துக்கொண்டது. கொரோனா பரவிக்கொண்டிருந்த அந்த மாதத்தில், கையிலிருந்ததை வீட்டுக்கு அனுப்பத் துடித்தவர்களுக்கு அது பேரிடி. குறைந்த கட்டணத்தோடு கடுமையான கண்காணிப்பும் வேண்டும்.

புறப்படும் முன்பே ஏமாறுகிறவர்களுக்கு இந்தியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே கட்டணமாக வாங்கலாம். காசு வாங்கிக்கொண்டு அவர் செய்யும் வேலையும் ஒரு சேவைதான். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜெண்ட் மும்பையில் இருந்தாலும் புகாரைத் தாம் வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக்குக் கட்டணமே கிடையாது. இங்கே கூடியிருக்கும் சட்ட ஆசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டு இந்தப் புகார்களை எழுதித் தரும் மையம் ஒன்றை இந்த ஊரில் தொடங்கினால், அதுவே இந்தக் கருத்தரங்கின் முதல் தீர்மானமாகட்டும்.

இரண்டாவது தீர்மானம், விமானம் பற்றியது. இந்தியாவும் துபாயும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 65 ஆயிரம் இருக்கைகள்தான். 2014க்குப் பிறகு அந்த எண்ணிக்கை பெரிதாக நகரவில்லை. உள்நாட்டு விமான நிறுவனங்களைக் காக்க வேண்டும் என்பது அரசு தரப்பின் வாதம். பெருநாள் நேரத்திலும் பள்ளி விடுமுறையிலும் அந்தக் காப்புக்கான விலையை டிக்கெட்டில் கொடுப்பவர் யார் என்ற கணக்கு போடப்பட வேண்டும். கடையநல்லூர்க்காரர் பலர் திருவனந்தபுரத்துக்கோ திருச்சிக்கோ போய் விமானம் ஏறுகிறார்கள். வளைகுடா விமான நிறுவனங்கள் மதுரைக்கும் வர அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. முதல் அமர்வைத் துபாயோடு செய்த அந்த இருக்கை ஒப்பந்தத்தோடு தொடங்கலாம்.