மின்சாரக் கொள்முதலும் விற்பனை வாய்ப்புகளும்

(திருவனந்தபுரம் ஆரியசாலையில் வணிகர்களிடையே ஆற்றிய உரை)



ஆரியசாலையில் நின்றுகொண்டு கொள்முதலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. திருவிதாங்கூரின் திவானாக இருந்த இராஜா கேசவதாசர் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெரு, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வெளியூர்ச் சரக்கை வாங்கி இந்நகருக்கு விற்றுவருகிறது. ஆந்திரத்து அரிசியும் நெல்லை, குமரி மாவட்டங்களின் காய்கறியும் இங்கு வந்து இறங்குவதை நாள்தோறும் காண்கிறீர்கள். ஆனால் உங்கள் கடையில் எரியும் விளக்குக்கான மின்சாரமும் பெரும்பாலும் அவ்வாறே வெளியூரிலிருந்து வரும் சரக்குதான் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. கேரள மாநில மின்வாரியம் விநியோகிக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடே மாநிலத்துக்குள் உற்பத்தியாகிறது. எஞ்சிய 70 விழுக்காடு விலை கொடுத்து வாங்கப்படுகிறது. அந்தக் கொள்முதல் எவ்வாறு நடைபெறுகிறது, அதில் தவறு நேர்ந்தால் யார் விலை கொடுக்கிறார்கள், விநியோகிப்பவருக்கும் உற்பத்தியாளருக்கும் அதில் என்னென்ன வாய்ப்புகள் உள்ளன என்பனவே இன்று நான் கூறவிருப்பவை.

விற்றவர் வாங்குபவரான கதை

திருவனந்தபுரத்துக்கு மின்விளக்கு வந்தது 1929-ல். பள்ளிவாசல் நீர்மின் திட்டம் 1940-ல் இயங்கத் தொடங்கியது. மாநில மின்வாரியம் 1957-ல் அமைந்தது. 1976 பிப்ரவரியில் இடுக்கித் திட்டத்தை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி தொடங்கி வைத்தார். முழு வளர்ச்சி பெற்ற நிலையில் இடுக்கி நிலையத்தின் திறன் 780 மெகாவாட். அத்திட்டம் வந்தபின் சில ஆண்டுகள் கேரளம் அண்டை மாநிலங்களுக்கு மின்சாரம் விற்கும் நிலையில் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் பருவமழை பொய்த்தபோது, விற்ற மாநிலமே மின்வெட்டை மேற்கொள்ள நேர்ந்தது.

அதன்பின் தேவை வளர்ந்தது. புதிய அணைகள் அதே வேகத்தில் எழவில்லை. காடு, சுற்றுச்சூழல் ஆகியவற்றைக் கருதி எழாமற்போனவையும் உண்டு. 2024 மே மாதத் தொடக்கத்தில் கடும் வெப்பத்தின்போது மாநிலத்தின் உச்சத் தேவை 5,797 மெகாவாட்டை எட்டியது. ஒரே நாளின் நுகர்வு 11.5 கோடி யூனிட்டைத் தாண்டியது. இடுக்கியைப் போன்ற ஏழு நிலையங்கள் ஒருசேர இயங்கினாலும் அந்த உச்சத்தை எட்ட முடியாது. ஆகவே கொள்முதல் இன்றிக் கேரளத்துக்கு வழியில்லை.

கிடங்கு இல்லாத சரக்கு

அரிசிக்குக் கிடங்கு உண்டு. வெங்காயத்தைக்கூடச் சில வாரங்கள் வைத்திருக்கலாம். மின்சாரமோ உற்பத்தியாகும் நொடியிலேயே செலவழிய வேண்டிய பொருள். ஆதலால் அதன் விலையை முடிவு செய்வது அளவைக் காட்டிலும் நேரமே. நாடெங்கும் சூரிய மின் நிலையங்கள் பெருகிவிட்டதால் நண்பகலில் மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது. சூரியன் மறைந்தபின் வீடுகளில் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் ஒருசேர இயங்கும்போது விலை ஏறுகிறது. வீட்டு நுகர்வு மிகுந்த கேரளத்தில் இந்த மாலை உச்சம் கூர்மையானது. அண்மைக் கோடைகளில் அது நள்ளிரவை நெருங்கும் வரை நீடிக்கிறது.

நமக்குள்ள ஒரே பெரிய கிடங்கு அணைகளில் தேங்கும் நீர்தான். பகலில் வெளியிலிருந்து வாங்கி, நீரைச் சேமித்து, மாலையில் இடுக்கி, சபரிகிரி நிலையங்களை இயக்குவது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. ஆனால் மழை குறைந்த ஆண்டில் அந்தக் கிடங்கும் பாதியாகிவிடும்.

வாங்கும் வழிகள் மூன்று

முதலாவது, நீண்டகால ஒப்பந்தம். மத்திய அரசு நிறுவனங்களின் அனல், அணுமின் நிலையங்களிலிருந்து மாநிலத்துக்குக் கிடைக்கும் பங்கும், ஏலத்தின்மூலம் தனியார் நிலையங்களுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களும் இதில் அடங்கும். இரண்டாவது, சில மாதங்களுக்கான குறுகியகாலக் கொள்முதலும் கைமாற்று முறையும். கோடையில் நமக்குத் தட்டுப்பாடு. ஜூன் மாதத்தில் இங்கே மழை தொடங்கும் வேளையில் பஞ்சாபில் நெல் நாற்று நடவு தொடங்கி, நீரிறைக்க மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆகவே கோடையில் வடமாநிலங்களிடம் பெற்று மழைக்காலத்தில் திருப்பித் தருவது இரு சாராருக்கும் நன்மை. பணம் கைமாறாத இந்தப் பண்டமாற்று, உங்கள் பாட்டனார் காலத்து வணிக முறையே.

மூன்றாவது, அன்றாடச் சந்தை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின் உற்பத்திக்கு உரிமம் வேண்டும் என்ற நிலையைப் பொதுவாக நீக்கி, மின்சார வாணிபத்தைத் தனித் தொழிலாக ஏற்றுக்கொண்டது. 2008-ல் நாட்டின் முதல் மின்சாரச் சந்தை இயங்கத் தொடங்கியது. அங்கே ஒரு நாள் 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் வாங்குவோரும் விற்போரும் முன்தினமே தம் அளவையும் விலையையும் தெரிவிக்கின்றனர். தேவையும் வரத்தும் சந்திக்கும் விலையே அப்பகுதிக்கு எல்லோருக்கும் பொதுவான விலை. 2020 ஜூன் முதல், மின்சாரம் பாய்வதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக வாங்கும் உடனடிச் சந்தையும் நடைபெறுகிறது. மத்திய ஒழுங்குமுறை ஆணையம் இச்சந்தைகளில் யூனிட்டுக்கு 2022-ல் 12 ரூபாயும் 2023-ல் 10 ரூபாயும் உச்சவரம்பாக விதித்தது.

சரக்கு வாங்கினால் மட்டும் போதாது. வந்து சேரப் பாதை வேண்டும். தென்னகத்தின் மின் கட்டமைப்பு நாட்டின் ஏனைய பகுதிகளுடன் முழுமையாக இணைந்தது 2013 டிசம்பர் 31-ல், ராய்ச்சூர்–சோலாப்பூர் உயர் அழுத்தப் பாதையின் வழியே. அதற்கு முன்னர் வடக்கே மின்சாரம் மலிவாக இருந்த நாட்களிலும் பாதை நெருக்கடியால் தெற்கே கூடுதல் விலை தர வேண்டியிருந்தது. 2019-ல் இடமண்–கொச்சிப் பாதையும், 2021-ல் 2,000 மெகாவாட் திறன் கொண்ட புகளூர்–திருச்சூர் நேர்மின் பாதையும் நிறைவுற்றபின் கேரளத்தின் வாசல் அகலமாயிற்று.

இரு படிப்பினைகள்

நீண்டகால ஒப்பந்தத்தில் இரண்டு கட்டணங்கள் உண்டு. எடுத்த யூனிட்டுக்கு எரிபொருள் கட்டணம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையக் கட்டணம். ஆலப்புழை மாவட்டத்துக் காயங்குளத்தில் தேசிய அனல் மின் கழகம் 1990-களின் இறுதியில் அமைத்த நாப்தா எரிபொருள் நிலையம் இதற்குச் சான்று. மாநிலத்தின் பற்றாக்குறையைத் தீர்க்கவே அது வந்தது. ஆனால் நாப்தாவின் விலை உயர்ந்தபோது அங்கிருந்து மின்சாரம் எடுப்பது கட்டுப்படியாகாமற்போயிற்று. எடுக்காத ஆண்டுகளிலும் நிலையக் கட்டணச் சுமை மட்டும் தொடர்ந்தது. தேவைக்கு மேல் ஒப்பந்தம் செய்வதும், எரிபொருளின் எதிர்கால விலையை எண்ணாமல் கையெழுத்திடுவதும் எத்தகைய பளு என்பதை அது காட்டுகிறது.

இரண்டாம் படிப்பினை இதற்கு நேர்மாறானது. 2014-ல் மின்வாரியம் 25 ஆண்டுகளுக்கு ஏலமுறையில் மின்சாரம் வாங்க முடிவு செய்தது. அவ்வாறு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் 465 மெகாவாட்டுக்குரியவற்றின் விலை யூனிட்டுக்கு ரூ.4.15, ரூ.4.29 என்ற அளவில் இருந்தது. ஆனால் ஏலத்துக்கென வகுக்கப்பட்ட நெறிமுறைகளிலிருந்து விலகியதற்கு மத்திய அரசின் முன் இசைவு பெறப்படவில்லை என்ற கேள்வி எழுந்தது. சில ஆண்டுகள் இடைக்கால ஏற்பாடாக மின்சாரம் வந்துகொண்டிருந்தது. 2023 மே மாதத்தில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அவ்வொப்பந்தங்களுக்கு ஒப்புதல் மறுத்தது. அவ்வாண்டு பருவமழையும் குறைந்தது. வாரியம் அதிக விலைக்கு வெளியே வாங்க நேர்ந்தது. மாநில அரசின் அறிவுறுத்தலின்பேரில் 2023 டிசம்பரில் ஆணையம் ஒப்பந்தங்களை மீண்டும் ஏற்றது. மின் உற்பத்தி நிறுவனங்களின் மேல்முறையீட்டில், 2024 ஜூலையில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையையும் நீக்கியது.

இதன் பொருளை வணிகக் கணக்கில் சொல்கிறேன். 465 மெகாவாட்டை மாலையில் நான்கு மணி நேரம் எடுத்தால் 18 இலட்சத்து 60 ஆயிரம் யூனிட். ஒப்பந்த விலைக்கும் சந்தையின் உச்சவரம்பாகிய 10 ரூபாய்க்கும் உள்ள இடைவெளியில் கணக்கிட்டால், ஒரே மாலைப் பொழுதின் வேறுபாடு ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. எல்லா மாலைகளிலும் விலை உச்சவரம்பைத் தொடுவதில்லை. எனினும் இழப்பின் அளவு எத்தகையது என்பதை இக்கணக்கு உணர்த்தும். கொள்முதல் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடும்போது அது கூடுதல் கட்டணமாக நுகர்வோரின் பட்டியலில் வந்து சேர்கிறது.

இதற்காக ஆணையத்தைக் குறை கூறுவது எளிது. நெறிமுறை தளர்ந்த ஏலத்தில் அடுத்த முறை விலை ரூ.4.29-ஆகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வாரியத்தை மட்டும் குறை கூறுவதும் எளிது. பற்றாக்குறையை முன்கூட்டியே கண்டு ஒப்பந்தம் தேடியதும் அதே வாரியம்தான். நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே: பொதுப் பணத்தில் நடைபெறும் கொள்முதலில் நடைமுறையின் தூய்மையும் விலையின் ஒரு பகுதியாகும். தொடக்கத்தில் சில வாரங்கள் செலவிட்டு முன் இசைவு பெறாதது, பின்னாளில் பல ஆண்டுக் கால மலிவு மின்சாரத்தையே இழக்கச் செய்துவிடக்கூடும்.

விற்பனை வாய்ப்புகள்

இனி வாய்ப்புகளைப் பார்ப்போம். விநியோகிப்பவர் வாங்குபவர் மட்டுமல்லர், விற்பவரும் ஆவார். நல்ல மழை பெய்யும் மாதங்களில் வழிந்தோடவிருக்கும் நீரை மின்சாரமாக்கி, அன்றைய சந்தையில் மாலை வேளையில் விற்க வாரியத்தால் இயலும். இதற்கு வேண்டியது, மறுநாளைய தேவையை ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் சரியாக மதிப்பிடும் திறன். கேரளத்தில் வாரியம் மட்டும் விநியோக உரிமம் பெற்றிருக்கவில்லை. திருச்சூர் மாநகராட்சி, மூணாறு தேயிலைத் தோட்டப் பகுதி, இந்நகரின் டெக்னோபார்க் ஆகியவற்றுக்கும் தனி உரிமங்கள் உண்டு. சிறு விநியோகஸ்தர்களும் இச்சந்தையின் நுட்பத்தைக் கற்றுக்கொள்வது நன்று.

உற்பத்தியாளருக்குரிய பெரிய வாய்ப்பு, மாலை நேரத்து மின்சாரத்தில் உள்ளது. நண்பகல் சூரிய மின்சாரத்தை மட்டும் கொண்டுவருபவர் ஏற்கெனவே நிறைந்த கடைத்தெருவுக்கு அதே சரக்கைக் கொண்டுவருபவரைப் போன்றவர். அதைச் சேமித்து மாலையில் தருபவருக்கே நல்ல விலை. இதற்காகவே காசர்கோடு மாவட்டத்து மயிலாட்டியில் 125 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தரவல்ல மின்கலச் சேமிப்பு நிலையத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில், தாழ்ந்த தேக்கத்திலிருந்து நீரை மேலே ஏற்றி மீண்டும் இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் 1980-களிலேயே அமைந்துவிட்டது. மலையும் நீரும் உள்ள கேரளம் அம்முறையைக் கருதுவது இயல்பே.

விற்பவர் முதலில் கேட்பது பணம் உரிய நாளில் வருமா என்பதே. 2022 ஆகஸ்டில், உற்பத்தியாளர்களுக்குப் பாக்கி வைத்திருந்ததாகக் கூறி 13 மாநிலங்களின் விநியோக நிறுவனங்கள் சந்தையில் வாங்குவதற்குத் தடை செய்யப்பட்டன. பாக்கி வைக்காதவர் என்ற நற்பெயர், அடுத்த ஏலத்தில் குறைந்த விலையைப் பெற்றுத் தரும். கைநாணயமே முதல் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நுகர்வோரின் பங்கு

நுகர்வோராகிய வணிகர்களுக்கும் இதில் இடமுண்டு. 2022-ல் வெளியான பசுமை மின்சார விதிகளின்படி 100 கிலோவாட் ஒப்பந்தத் தேவை உள்ளவர், தாம் விரும்பும் உற்பத்தியாளரிடமிருந்து புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வாங்கலாம். முன்னர் அந்த வரம்பு ஒரு மெகாவாட்டாக இருந்தது. 2023-ல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள், 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் நுகர்வோருக்கு நேரத்துக்கேற்ற கட்டணத்தை வகுக்க வழி செய்தன. குளிர்பதனக் கிடங்கையும் மாவு ஆலையையும் பகலில் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இயக்கினால் உங்கள் செலவு குறையும். அன்றியும், வாரியம் பத்து ரூபாய்க்கு வாங்க வேண்டிய ஒரு யூனிட் மிச்சமாகும். நீங்கள் மாலையில் சேமிக்கும் ஒரு யூனிட்டும், எங்கோ ஒரு நிலக்கரி நிலையம் அந்நேரத்தில் விற்கும் ஒரு யூனிட்டும் மாநிலத்தின் கணக்கில் சமமானவையே.

நண்பர்களே, அடுத்த கோடை எப்படி இருக்கும் என்பதை மழைதான் முடிவு செய்யும். ஆனால் ஒப்பந்தத்தைக் காலத்தே தேடுவது, ஏலத்தை ஐயத்துக்கு இடமின்றி நடத்துவது, வேண்டிய அளவுக்கே நிலையக் கட்டணத்தை ஏற்பது, மாலை உச்சத்தைக் குறைப்பது ஆகிய நான்கும் மனிதர் கையில் உள்ளவை. மின் கட்டணப் பொது விசாரணைகளை ஒழுங்குமுறை ஆணையம் நடத்தும்போது வணிகர் சங்கங்கள் அங்கே சென்று இந்த நான்கையும் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். ஒவ்வொரு சரக்கையும் கைப்பிடி எடுத்துப் பார்த்து வாங்கும் நீங்கள், உங்கள் பெயரில் வாங்கப்படும் மின்சாரத்தின் கணக்கையும் அவ்வாறே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.