புண்ணாற்ற மருந்தில்லையா?

(மொனராகலையில் தொழிலாளரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இறப்பர்ப் பால் வெட்டும் கத்தி கைதவறி விரலில் இறங்குகிறது. கரும்புச் சோகை காலைக் கீறுகிறது. தேயிலை மலையில் அட்டை கடித்த இடம் சொறிந்து புண்ணாகிறது. இவை பெரிய நோய்களல்ல. ஆனால், சீழ் பிடித்தால் நாட்கூலி போகிறது. நீரிழிவு உள்ளவரானால் விரலே போகக்கூடும். சீழ் பிடித்த சிறு புண்ணை ஆற்றப் பல வேளைகளில் உதவுவது, விரல் நீளக் குழாயில் அடைத்த களிம்பு. அதுவும் இல்லையென்றால் நாம் எங்கே போவது?

2022ஆம் ஆண்டை மறந்தோமா? அந்நியச் செலாவணி வற்றியது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசு கைவிரித்தது. நமது மருந்துகளில் பெரும்பங்கு இறக்குமதி. டொலர் இல்லையேல் மருந்தும் இல்லை! மார்ச் மாத இறுதியிலேயே பேராதனை மருத்துவமனை வழக்கமான அறுவைச் சிகிச்சைகளை நிறுத்த நேர்ந்தது. மே மாதத்தில் தமிழ்நாட்டு மக்களின் அரிசியும் பால்மாவும் மருந்தும் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தன. அந்த நன்றியை மறவோம். ஆயினும், என்றென்றும் கப்பலை எதிர்பார்த்துக் கரையில் நிற்பது ஒரு நாட்டுக்கு அழகாகுமா?

பஞ்சம் வந்தால்தான் மருந்து மறையும் என்பதில்லை. நியோமைசின், பியூசிடிக் அமிலம், மூப்பிரோசின் ஆகிய களிம்பு மருந்துகள் பழையவை. ஆதாயம் குறைந்தால் கம்பனி உற்பத்தியை நிறுத்தும். சிறிய சந்தைதானே என்று பதிவைப் புதுப்பியாமலும் விடும். பதிவு பெற்றவர் ஒருவரே என்றால், அவர் விலகியதும் கடைத்தட்டு வெறுமையாகிறது.

இதற்கு வழிகாட்டியவர் நம் ஊவா மண்ணின் மைந்தர், பேராசிரியர் சேனக பிபிலே. அவசியமான மருந்துகளைத் தேர்ந்தெடுங்கள். வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரால் வாங்குங்கள். உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்குங்கள் என்றார். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது. அவரே அதன் முதல் தலைவர். 1977இல் அவர் மறைந்தார்; அவர் காட்டிய வழி மறையலாகாது.

எனவே நாம் கேட்பவை மூன்று. அவசிய மருந்து எதுவும் ஒரே வழங்குநரை நம்பி இருத்தல் கூடாது. நிறுத்துவோர் பல மாதங்களுக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். மருத்துவமனைக் கையிருப்பு, கொழும்பில் மட்டுமன்றித் தோட்ட மருந்தகம் வரை எட்டுதல் வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. புதுக்காயத்தைச் சவர்க்காரமிட்டுச் சுத்தமான நீரில் கழுவித் துணியால் மூடுங்கள். பெரும்பாலான சிறுகாயம் அதனாலேயே ஆறும். மாத்திரைக் கூட்டை உடைத்துப் பொடியைத் தூவாதீர்கள். ஏர்ப்புவலி ஊசியைத் தவறவிடாதீர்கள். சீழோ காய்ச்சலோ கண்டால், நீரிழிவு இருந்தால், அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.

சிறு குழாய்தானே என்று எண்ணாதீர். உழைப்பவன் கையே அவன் சொத்து. அந்தக் கையைக் காக்கும் மருந்தைக் கேட்பது பிச்சையன்று; உரிமை!