மலைப்பாதைக்கும் ஒரு பெரட்டு

(மலையேற்றப் பயணத்திற்கு முன்னோடியாகத் தெப்ராவில் கூடிய தோட்டப் பாட்டாளிகள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நீங்கள் குனோங் லேடாங் மலைக்குச் செல்லவிருக்கிறீர்கள் என்றும், அதற்கு முன் மலைப்பாதையில் நடந்துகொள்ளும் முறைபற்றிச் சில சொற்கள் கூற வேண்டும் என்றும் என்னை அழைத்தார்கள். மலையின் அழகை நீங்களே கண்டுகொள்வீர்கள். அதற்கு என் உரை தேவையில்லை. அந்த மலையில் கூடும் மக்கள் கூட்டத்தைப்பற்றியே நான் பேச வந்துள்ளேன். காட்டுக்குள் போகிறவன் புலிக்கு அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. இன்று விடுமுறை நாளில் மலையேறுகிறவன் முதலில் எதிர்கொள்வது, முன்னே நகராமல் நிற்கும் மனித வரிசையைத்தான்.

தங்காக் வட்டாரத்தில், சாகில் ஊருக்கு அருகே எழுந்து நிற்கும் லேடாங், 1,276 மீட்டர் உயரமுடையது. நம் ஜொகூர் மாநிலத்தின் மிக உயர்ந்த மலை அதுவே. மலாக்கா சுல்தான் மணக்க விரும்பிய இளவரசி அம்மலையில் வாழ்ந்தாள் என்பதும், பொன்னாலும் வெள்ளியாலும் பாலம் கட்டித் தருமாறும், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம் கொண்டுவருமாறும் அவள் கேட்டாள் என்பதும் நம் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டறிந்த கதை. வேண்டாத கூட்டத்தை விலக்க அந்த அம்மையார் கண்ட வழி அது போலும்! 1854-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கில இயற்கை அறிஞர் ஒரு சிறு குழுவுடன் அதன் மேல் ஏறினார். அட்டைக்கடியையும், தாம் கண்டு வியந்த பெரணிச் செடிகளையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். வழியில் நெரிசல் இருந்ததாக அவர் எழுதவில்லை.

இன்றைய நிலை வேறு. நெடுஞ்சாலை அடிவாரத்துக்கு அருகிலேயே கொண்டுவந்து விடுகிறது. கைப்பேசியில் ஒருவர் அனுப்பிய உச்சிப் படத்தைக் கண்டு, மறுவாரமே பத்துப் பேர் புறப்படுகிறார்கள். 2020-இல் நோய்ப்பரவலால் மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மக்கள், வெளியே வந்தவுடன் காடு மலைகளைத் தேடிச் சென்றார்கள். நம் தெப்ராவையே பாருங்கள். ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும் எழுந்துவிட்டன. காலையில் கதவைத் திறந்தால் மரம் தெரிந்த குடும்பங்களுக்கு இன்று சுவர் தெரிகிறது. அவர்கள் விடுமுறையில் பச்சையைத் தேடி ஓடுவதை நாம் குறை கூறலாகாது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2014 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. அண்டை மாநிலமான மலாக்காவிலும் தலைநகரிலும் சனி, ஞாயிறு. எனவே வெள்ளிக்கிழமை மலைக்குச் சென்ற ஜொகூர்வாசிக்குச் சற்றே அமைதி கிட்டியது. 2025 சனவரி முதல் நமக்கும் சனி, ஞாயிறு ஆயிற்று. குடும்பத்தோடு ஒன்றாக ஓய்வெடுக்க அது நல்லதே. ஆனால் எல்லோர் ஓய்வும் ஒரே நாளில் விழுந்தால், எல்லோர் கால்களும் ஒரே பாதையில்தானே விழும்?

சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தெப்ராவ் நீரிணையின் மேல் 1924-இல் போக்குவரத்துக்குத் திறந்த பாலத்தில் நள்ளிரவு கடந்து சென்றால் வழி விரிந்து கிடக்கிறது. அதே பாலம் காலை ஆறு மணிக்கு ஊர்ந்து நெரிகிறது. பாலம் சுருங்கிவிடவில்லை. எல்லோரும் ஒரே நாழிகையில் வந்ததே காரணம். மலைப்பாதையும் அப்படித்தான். வேறுபாடு ஒன்றுண்டு: பாலத்தில் நெரிசல் என்றால் வேலைக்குத் தாமதமாகும், மலையில் நெரிசல் என்றால் கால் முறியும்.

இதை நான் ஏட்டிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பொது விடுமுறை நாளில், எங்கள் தோட்டத்திலிருந்து இருபத்து மூன்று பேரை நானே ஒரு குன்றுக்கு அழைத்துச் சென்றேன். எல்லோரையும் ஒரே கூட்டமாக ஏறவிட்டேன். செங்குத்தான ஓரிடத்தில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. அந்தக் கயிற்றுக்கு மேலே இறங்க முப்பது பேர், கீழே ஏற அதைவிடப் பெருங்கூட்டம். அரை மணி நேரம் நின்றோம். நம் பிள்ளைகளுக்குப் பொறுமை போயிற்று. எங்களுள் ஒரு பெண்பிள்ளை, முந்திவிடலாம் என்று பாதையை விட்டுப் பக்கச்சரிவில் ஏறினாள். ஈரச்சருகு வழுக்கிற்று. கணுக்கால் முறிந்துவிட்டது. அவளைச் சுமந்து இறங்குவதற்கும் அதே கூட்டத்தைப் பிளந்துகொண்டுதான் வர வேண்டியிருந்தது. இருட்டிய பின் அடிவாரத்தில் தலை எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு. முன்னே சென்றுவிட்ட ஒரு சிறுவன், எங்களுக்காக உச்சியிலேயே காத்திருந்திருக்கிறான். அவனைத் தேடி மீண்டும் மேலே ஏறிய அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் இன்றளவும் மறக்கவில்லை. குற்றம் அவனுடையதன்று, அவளுடையதும் அன்று. பெரட்டு எடுக்காமல் ஆட்களை வேலைக்காட்டுக்கு அனுப்பிய கங்காணியைப் போல நடந்துகொண்ட என்னுடையது.

பெரட்டு என்றவுடன் சிரிக்கிறீர்கள். ஆனால் விடியுமுன் விளக்கொளியில் பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன நிரை என்று பிரித்தனுப்பும் அந்த முறை இல்லாவிடில் என்னவாகும்? நூறு பேரும் ஒரே நிரைக்குள் நுழைந்தால் ஒருவரும் உருப்படியாகப் பால் வெட்ட முடியாது. மலைப் பூங்காக்களை நிர்வகிப்போர் இன்று உலகெங்கும் செய்ய முனைவது இந்தப் பெரட்டைத்தான். முன்பதிவு, பெயர்ப்பதிவு, நாளொன்றுக்கு இத்தனை பேர், குழுவுக்கு ஒரு வழிகாட்டி என்று அதற்குப் பல பெயர்கள்.

சபாவில் உள்ள கினபாலு மலை 4,095 மீட்டர் உயரமானது. உச்சிக்குப் போவோர் இடையில் ஓரிரவு பனாலாபானில் தங்கியாக வேண்டும். அங்கே எத்தனை படுக்கைகளோ, அத்தனை பேருக்கே அனுமதி. 2015 சூன் 5-ஆம் நாள் நிலநடுக்கத்தில் அம்மலையில் 18 பேர் மாண்டனர். அவர்களுள் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்களும் உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தனர். நிலநடுக்கத்துக்கும் கூட்டத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் யார் யார் மேலே இருக்கிறார்கள் என்ற பட்டியல் இருந்தது. குழுதோறும் வழிகாட்டி இருந்தார். மற்றவர்களைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்தவர்களும் அந்த மலைவாழ் வழிகாட்டிகளே. அவ்வாண்டு டிசம்பரில் உச்சிப்பாதையை மீண்டும் திறந்தபோது, நாளொன்றுக்கு 135 பேர் என்று எண்ணிக்கையைக் குறைத்தே திறந்தார்கள்.

பட்டியல் இல்லாவிடில் நேர்வதைத் தமிழ்நாடு கண்டது. 2018 மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து மலையேறச் சென்றோர் அகப்பட்டுக்கொண்டனர். உரிய அனுமதியின்றிச் சென்ற குழுக்கள் என்று பின்னர்த் தெரியவந்தது. 23 உயிர்கள் பலியாயின. அதன் பின்னரே ஒழுங்குகள் இறுகின. 2024 அக்டோபரில் அம்மாநில அரசு 40 மலைப்பாதைகளை, முன்பதிவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்துவிட்டது.

அனுமதிச் சீட்டு என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. “காடு ஆண்டவன் படைத்தது, அதற்கு ஏன் கட்டணம்?” என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது வேறு, விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறைப்பது வேறு. முன்னது எல்லோரையும் முறைவைத்து விடுகிறது; பின்னது பணமுள்ளவரை மட்டும் விடுகிறது. இணையத்தில் நள்ளிரவில் இடம்பிடிக்கத் தெரிந்தவனுக்கே மலை என்றாகிவிட்டால், மறுநாள் நான்கு மணிக்கே எழுந்து பால் வெட்டப் போகும் நம்மவருக்கு அது எட்டாது. அம்மலையின் நிழலில் வாழும் தோட்ட மக்களுக்கும் கம்பத்து மக்களுக்கும் ஓரளவு இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அதை உரியவர்களிடம் மனுவாகக் கொடுத்துக் கேட்போம். அதற்காக, பெயர் பதியாமல் பக்கவழியில் நுழைவது நம் உரிமையைக் காப்பதாகாது.

வரம்பு ஏன் தேவை என்பதை மற்றவரைவிட நீங்கள் நன்கு உணர்வீர்கள். ரப்பர் மரத்தை நாள் தவறாமல் வெட்டுகிறோமா? ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது இருநாள் விட்டு வெட்டுகிறோம். அளவு மீறி வெட்டினால் பட்டை காய்ந்து, பால் வற்றி, மரம் வீணாகிறது. வெட்டிய பட்டை மீண்டும் வளர ஆண்டுகள் வேண்டும். மண்ணுக்கும் அத்தகைய ஓய்வு தேவை. ஆயிரம் காலணிகள் மிதித்த இடத்தில் மண் கெட்டித்துப் போகிறது. மழைநீர் உள்ளே இறங்காமல் பாதையையே கால்வாயாக்கிக்கொண்டு ஓடுகிறது. மேல்மண் போய் வேர்கள் வெளியே நிற்கின்றன. அடுத்து வருபவன் சேற்றுக்கு அஞ்சி ஓரமாக மிதிக்கிறான். ஓரத்துச் செடி சாகிறது. ஓரடிப் பாதை ஆறடியாகிறது. சரிவான காட்டில் ஏன் படிபடியாகத் தளம் வெட்டி மரம் நட்டார்கள், மரங்களுக்கிடையே ஏன் கொடிப்பயிரைப் படரவிட்டார்கள் என்று அறிந்த உங்களுக்கு, இதற்குமேல் நான் விளக்குவது மிகை. சேறாக இருந்தாலும் பாதையின் நடுவிலேயே நடங்கள். காலணியைக் கழுவிவிடலாம்.

இனி ஏறும்போது செய்ய வேண்டியவை. ஏறுபவருக்கு இறங்குபவர் வழிவிடுவதே பொதுவான மரபு. ஏறுபவர் மூச்சை அடக்கித் தம் காலடியைப் பார்த்துக்கொண்டே வருகிறார். மேலிருந்து வருபவருக்குத்தான் இருபுறமும் தெரிகிறது. ஆனால் பத்துப் பேர் இறங்கக் காத்திருக்கும்போது ஒருவராக ஏறுகிற நீங்கள் சற்று நின்று அவர்களை விடுவதில் குறைவொன்றுமில்லை. ஒதுங்கும்போது மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்தின் ஓரமாக வேண்டாம். லேடாங்கின் மேற்பகுதியில் கயிறுகளும் ஏணிகளும் உள்ளன. ஒருவர் கடந்த பின்னரே அடுத்தவர் கைவைக்க வேண்டும். பின்னால் நிற்பவர் “சீக்கிரம்” என்று குரல் கொடுக்கவே கூடாது. அந்த ஒரு சொல்லால்தான் அன்று எங்கள் பெண் சரிவில் ஏறினாள். கல் உருண்டால் மட்டும் உரக்கக் கத்துங்கள். உச்சிப் பலகையருகே படம் எடுத்தவுடன் விலகிவிடுங்கள். ஒரு குடும்பம் இருபது கோணத்தில் நிற்க, இருபது குடும்பங்கள் வெயிலில் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இலங்கையில் சிவனொளிபாத மலைக்குத் தேயிலைத் தோட்டத்து நம் உறவுகள் டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாதப் பௌர்ணமி வரை ஏறுகிறார்கள். விடியலில் கதிரவனைக் காண எல்லோரும் ஒரே நேரத்தில் உச்சியை நாடுவதால், நீண்ட விடுமுறை நாள்களில் கடைசிப் படிகளில் வரிசை நின்றுவிடுகிறது. விவரமறிந்தவர்கள் வாரநாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாமும் ஆண்டு விடுப்பில் ஒரு செவ்வாயையோ புதனையோ ஒதுக்கினால் என்ன?

உடல்நலம் குறித்தும் ஒரு சொல். கோவை வெள்ளியங்கிரி மலையில் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் பக்தர்கள் பலர் ஏறும் வழியிலேயே உயிரிழந்தனர். இதயநோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அங்கு வனத்துறை எச்சரித்து வருகிறது. கூட்டத்தோடு போகும்போது, பின்தங்குவதற்கு வெட்கப்பட்டு நெஞ்சுவலியை மறைப்பவர்கள் உண்டு. நம் குழுவில் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இருட்டிக்கொண்டு மழை வந்தால் ஓடைகளை விட்டு உடனே விலகுங்கள். மேலே பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதே பாய்ந்து வரும். மலாய்க்காரர் அதைக் கெப்பாலா ஆயர் என்பர். 2001 டிசம்பரில் குனோங் பூலாய் அடிவாரத்தில் சேறும் நீரும் பாய்ந்து ஐவரை வாரிக்கொண்டு போனதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நம் பயணத்துக்கான ஏற்பாடு இது. எட்டுப் பேர் கொண்ட மூன்று குழுக்களாகச் செல்கிறோம். ஒவ்வொன்றும் அரைமணி இடைவெளி விட்டுப் புறப்படும். ஒவ்வொரு குழுவிலும் மிக மெதுவாக நடப்பவர் முன்னே நடப்பார். வலுவான ஒருவர் கடைசியில் வருவார். அவரைத் தாண்டி எவரும் பின்தங்கலாகாது. பூங்கா அனுமதிக்கும் வழிகாட்டிகளுக்கும் பெயர், அடையாள அட்டை எண், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை வெள்ளிக்கிழமைக்குள் ஆலயச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். புறப்படும் நாளன்று காலை நான்கு மணிக்கு ஆலய வாசலில் பெரட்டு. அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று, இறங்கியபின் ஒன்று. பெயர் கூப்பிடப் போவது நானேதான்.