கடிகாரம் சின்னவளிடம், தேர்வு பெரியவனிடம்



லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் பழைய குதிரை ராட்டினம் ஒன்று உண்டு. வால்ட் டிஸ்னி தம் இரண்டு மகள்களையும் அங்கே அழைத்துப் போவார். பெண்கள் ராட்டினத்தில் சுற்றுவார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெஞ்சில் தோன்றியதாக அவரே பின்னாளில் சொன்னார். 1955 ஜூலையில் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தது. அவர் மறைந்து ஏறக்குறைய 5 ஆண்டுகள் கழித்து, 1971 அக்டோபரில், ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறந்தது. இன்று அந்த வளாகத்தில் மட்டும் நான்கு தீம் பார்க்குகள். அதே ஊரில் யுனிவர்சல் நிறுவனத்தின் பூங்காக்களும் இருக்கின்றன. அவற்றில் புதியதான எபிக் யுனிவர்ஸ் 2025 மே மாதம் திறந்தது. லண்டனிலிருந்து 9 மணி நேரத்துக்கு மேல் பறந்தும், சென்னையிலிருந்து விமானம் மாறி மாறி 20 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தும் குழந்தைகளோடு அங்கே போகிற குடும்பங்கள் உண்டு. அந்தப் பயணத்தை எப்படித் திட்டமிட வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

இப்படிப் போகிற ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். சின்னவளுக்கு இரண்டு வயது, பெரியவனுக்கு ஒன்பது. சின்னவள் மதியம் தூங்கியாக வேண்டும். பெரியவனுக்கு இருட்டில் பாய்கிற ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டும், இரவு வாணவேடிக்கை பார்க்க வேண்டும். பல பெற்றோர் இதற்குப் பாதிக்குப் பாதி தீர்வு காண்கிறார்கள். சின்னவள் கொஞ்சம் குறைவாகத் தூங்கட்டும், பெரியவன் கொஞ்சம் குறைவாக ஏறட்டும் என்கிறார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் அழுகிறார்கள், பெற்றோரும் சோர்ந்துபோகிறார்கள். என் கருத்து வேறு. இன்பத்தைப் பாதியாக வெட்ட வேண்டாம். அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்போம். நாள் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதைச் சின்னவளின் உடல் தீர்மானிக்கட்டும். அந்த நேரத்துக்குள் எதைப் பார்ப்பது, எதில் ஏறுவது என்பதைப் பெரியவன் தீர்மானிக்கட்டும். கடிகாரம் சின்னவளிடம், தேர்வு பெரியவனிடம். உடலியல், வானிலை, வரிசைகளின் நீளம், நினைவாற்றல் ஆய்வு எல்லாம் இந்தப் பக்கமே பேசுகின்றன.

முதலில் உடலைப் பார்ப்போம். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று 2016-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைத்தது. 6 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்கு 9 முதல் 12 மணி நேரம் போதும். பெரியவனிடம் காரணம் சொல்லிப் பேசலாம். இரண்டு வயது உடலிடம் பேரம் பேச முடியாது. இதோடு நேர வித்தியாசமும் சேர்கிறது. ஆர்லாண்டோ லண்டனுக்கு 5 மணி நேரம் பின்னால் இருக்கிறது. லண்டனில் இரவு 8 மணிக்குத் தூங்கிப் பழகிய குழந்தைக்கு அங்கே பிற்பகல் 3 மணிக்கே கண் சொருகும், விடியுமுன்பே விழித்தும்விடும். சென்னைக் குடும்பத்துக்கு நிலைமை இன்னும் கடினம். கோடையில் வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம். சென்னையில் இரவு 8 மணி என்பது ஆர்லாண்டோவில் காலை பத்தரை. பூங்காவின் கதவு திறந்து சற்று நேரத்தில் குழந்தையின் உடல் இரவு வந்துவிட்டதாக நினைக்கும். உடலின் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் நகரும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே லண்டனிலிருந்து போகிறவர்கள் முதல் நாளையும், சென்னையிலிருந்து போகிறவர்கள் குறைந்தது முதல் மூன்று நாட்களையும் டிக்கெட் இல்லாத நாட்களாக வைத்துக்கொள்ள வேண்டும். பகல் வெளிச்சத்தில் நடை, நீச்சல் குளம், பழகிய சாப்பாடு, இவை போதும். அடுப்பு வசதியுள்ள வீடுகள் ஆர்லாண்டோவை ஒட்டிய கிஸிம்மி பகுதியில் நிறைய வாடகைக்குக் கிடைக்கின்றன. புது ஊரில் சின்னவளுக்கு ஒரு வேளை தயிர்சாதம் பிசைந்து கொடுக்க முடிவது பெரிய உதவி.

இனி ஊரின் வானிலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆர்லாண்டோவில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸைத் தொடும். பல நாட்களில் பிற்பகலில் இடியும் மழையும் வரும். மின்னல் நெருங்கினால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கோ வேறு மாதமும் எளிதில் வாய்ப்பதில்லை. பள்ளி நாட்களில் மகளை ஃபுளோரிடாவுக்கு அழைத்துச் சென்றதற்காக விதிக்கப்பட்ட அபராதத்தை எதிர்த்து இங்கிலாந்தின் வைட் தீவைச் சேர்ந்த ஒரு தந்தை நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 ஏப்ரலில் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. அதனால் பிரிட்டனிலிருந்து பலர் ஜூலை, ஆகஸ்டில், வெயிலும் மழையும் கூட்டமும் ஒன்றாகச் சேரும் காலத்தில்தான் போகிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மே விடுமுறை இந்த விஷயத்தில் ஓர் அனுகூலம். மே முதல் பாதியில் அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும்.

எந்த மாதம் போனாலும், பூங்கா திறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் வரிசைகள் மிகக் குட்டையாக இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். மேற்கு நோக்கிப் பறந்து வந்ததால் விடியுமுன்பே விழித்துக்கொள்கிற சின்னவள், குடும்பத்தை அந்த நல்ல நேரத்துக்குக் கதவடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறாள். அவளுக்குத் தூக்கம் வருகிற வேளையில் வெளியே வெயில் கொளுத்துகிறது, வரிசை நீள்கிறது, இடி உறுமத் தொடங்குகிறது. அவள் கடிகாரத்தைப் பின்பற்றுவதால் இழப்பது அநேகமாகப் பூங்காவின் மோசமான மணிநேரங்களையே. ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும். டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போகிறவர்கள் ஏரிக்கு அக்கரையில் நிறுத்திவிட்டு மோனோரயிலிலோ படகிலோதான் வாசலுக்குப் போக முடியும். திரும்பி வரவும் அதே வழிதான். தூக்கம் வந்த பிறகு கிளம்பினால் பிந்திவிட்டோம் என்று பொருள். தூக்கம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும்.

அடுத்தது நினைவு. "இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒன்றும் நினைவிருக்கப் போவதில்லை, அவளை ஏன் இழுத்துக்கொண்டு போக வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பெரியவர்களான பிறகு நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய நினைவுகள் இல்லை. எமரி பல்கலைக்கழக உளவியலாளர் பட்ரீஷியா பாவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் பேசிய நிகழ்ச்சிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் குழந்தைகள் ஆறு, ஏழு வயதிலும் நினைவுகூர்ந்தனர். எட்டு, ஒன்பது வயதில் அது வெகுவாகக் குறைந்தது. இந்த உண்மையை நான் மறுக்கவில்லை, இதன் மீதே நிற்கிறேன். சின்னவளுக்கு நினைவு தங்காது என்றால், அவளுக்கு எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும் என்ற பதற்றம் நமக்குத் தேவையில்லை. அவளுக்கு நாம் தரக்கூடியது அன்றைய நாளின் சுகம்: தூக்கம், நிழல், தண்ணீர், அப்பா அம்மாவின் மடி. நினைவு தங்கப்போவது பெரியவனிடம். அதனால் எதைப் பார்ப்பது என்ற தேர்வு அவனுடையதாக இருப்பதுதான் முறை. பிற்பாடு அவனை விவரமாகப் பேசவைத்தால் அந்த நினைவு இன்னும் வளமாகும்.

பெரியவனின் நினைவைப் பற்றியும் ஓர் ஆய்வு பேசுகிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, நீரின் குளிர் சற்றே தணிந்துகொண்டு வந்த 30 விநாடியும் சேர்ந்தது. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீண்ட சோதனையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓர் அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட அதன் உச்சமும் முடிவும்தான் மனதில் ஆழமாகப் பதிகின்றன என்பது அவர்கள் கண்டது. குளிர்நீரும் கேளிக்கைப் பூங்காவும் ஒன்றல்ல. ஆனாலும் பெற்றோர் இதை யோசித்துப் பார்க்கலாம். 14 மணி நேரம் சுற்றிக் கார் நிறுத்துமிடத்தில் சண்டையோடு முடிகிற நாளை விட, 5 மணி நேரத்தில் மகிழ்ச்சியோடு முடிகிற நாளைப் பெரியவன் விரும்பி நினைப்பான்.

தேர்வு அவனிடம் என்றால் அதற்கு எல்லை இல்லையா? உண்டு, அந்த எல்லையைச் சுவரில் அளந்து பார்க்கலாம். மேஜிக் கிங்டத்தில் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 97 செ.மீ. உயரம் வேண்டும், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112, ட்ரான் ரைடுக்கு 122. ஆறு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 115 செ.மீ. வாசலில் நிற்கும் ஊழியர் விட்டுக்கொடுக்க மாட்டார்; பாதுகாப்புக்காக வைத்த அளவு அது, விட்டுக்கொடுக்கவும் கூடாது. வீட்டிலேயே செருப்பில்லாமல் அளந்து, எதற்குத் தகுதி என்பதைக் கிளம்புமுன்பே சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு நாளுக்கு மூன்றைப் பெரியவன் தேர்ந்தெடுக்கட்டும். உயரம் போதாத சின்னவளோடு ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் பெரியவனோடு ஏறலாம். அவர்கள் இறங்கியதும், வெளியே இருந்தவர் முழு வரிசையில் மறுபடி நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப். கேட்டால்தான் கிடைக்கும், தெரியாமல் இரண்டு முறை வரிசையில் நிற்கும் பெற்றோர் உண்டு.

பணத்தைப் பற்றிய கேள்வி நியாயமானது. இவ்வளவு செலவு செய்து போய்விட்டு மதியமே திரும்புவதா என்று மனம் அடித்துக்கொள்ளும். கணக்கைக் கவனியுங்கள். டிஸ்னி வேர்ல்டில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் இல்லை; சின்னவள் தூங்குவதால் எந்தப் பணமும் வீணாவதில்லை. 10 வயது ஆனால் பெரியவர்களுக்கான கட்டணம். ஒன்பது வயதுக்காரனுக்கு இன்னும் குழந்தைக் கட்டணம்தான். பல நாள் டிக்கெட்டில் நாட்கள் கூடக் கூட ஒரு நாளின் விலை இறங்குகிறது. எனவே நான்கு முழு நாட்களைவிட ஏழு அரை நாட்கள் டிக்கெட்டில் அவ்வளவு கூடுதல் செலவு வைப்பதில்லை. வெளியிலிருந்து நம் சாப்பாட்டைக் கொண்டுபோகவும் அனுமதி உண்டு. பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. 2 வயது முடியாத குழந்தையை மடியில் வைத்துப் பறக்க விமான நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் குழந்தையைத் தனி இருக்கையில், அதற்கேற்ற பாதுகாப்பு இருக்கையில் கட்டி அமர்த்தும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வலியுறுத்துகிறது. விமானம் குலுங்கும்போது பெற்றோரின் பிடி எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் போதாது.

இன்னொரு மறுப்பு மனதைத் தொடுவது: "குடும்பமாகப் போகிறோம், அங்கே போய்ப் பிரிந்து இருப்பதா? வாணவேடிக்கையைச் சேர்ந்து பார்க்க வேண்டாமா?" சேர்ந்திருப்பது என்பது 24 மணி நேரமும் ஒரே தள்ளுவண்டியைச் சுற்றி நிற்பது என்றால் அது யாருக்கும் இன்பம் தராது. காலை நேரம் எல்லோரும் சேர்ந்து இருக்கட்டும். சின்னவளும் பெரியவனும் ஒன்றாக ஏறக்கூடிய ரைடுகள் அங்கே உண்டு. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவான ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ படகுப் பயணத்துக்கு உயரக் கட்டுப்பாடே கிடையாது. மாலையில் ஒரு நாள் அப்பாவோடு, மற்றொரு நாள் அம்மாவோடு பெரியவன் மட்டும் பூங்காவில் இரவு வரை இருக்கட்டும். தங்கை பிறந்த பிறகு பெற்றோரில் ஒருவர் அவனுக்கே அவனுக்கென்று ஒரு மாலையைத் தருவது வாணவேடிக்கையைவிடப் பெரிது. பாட்டி தாத்தா உடன் வந்தால் அவர்களுடைய உடலுக்கும் மதிய ஓய்வு வேண்டும். அவர்களைக் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆளாக மட்டும் அழைத்துப் போவது நியாயமில்லை. அவர்களுக்கும் ஒரு தேர்வு கொடுங்கள்.

சின்னவள் வளரும் வரை காத்திருக்கலாமே என்பது கடைசி மறுப்பு. இரண்டு குழந்தைகளுமே மூன்று வயதுக்குக் கீழே என்றால் நானும் அதையே சொல்வேன், காத்திருங்கள். ஆனால் இருவருக்கும் ஏழு வயது இடைவெளி இருந்தால், சின்னவள் 112 செ.மீ. தொடும்போது பெரியவனுக்குப் பதின்மூன்றாகிவிடும். எல்லோருக்கும் பொருத்தமான வயது என்று ஒன்று அந்தக் குடும்பத்துக்கு வரவே வராது. பொருத்தத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

எனவே டிக்கெட் வாங்குமுன் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். சின்னவளின் தூக்க நேரத்தை ஆர்லாண்டோ நேரத்துக்கு மாற்றிக் காகிதத்தில் எழுதுங்கள். மிஞ்சுகிற மணிநேரங்களைப் பெரியவன் கையில் கொடுத்து, இவை உன்னுடையவை, நீ நிரப்பு என்று சொல்லுங்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு குழந்தைக்கு உடல் வாடாது, மற்றக் குழந்தைக்கு மனம் வாடாது. பத்து வயதுகூட ஆகாத ஒருவனிடம் குடும்பத்தின் ஒரு முடிவை நம்பி ஒப்படைக்கிறோம். தங்கையின் தேவையை மதித்து, அதற்குள் தன் ஆசையை நடத்திக்கொள்ள அவன் கற்றுக்கொள்வான். அதை எந்தப் பூங்காவும் விற்பதில்லை. பெற்றோர்தான் கொடுக்க முடியும்.