தலைப்பும் எழுவாயும்



காலையில் எழுந்ததும் திருநீறு பூசுவோர் உளர். தேநீர் அருந்துவோர் உளர். இவ்விரண்டுக்கும் முன்னே பத்திரிகையைத் தேடுவோரும் நம்மிடையே உளர். நமது கிராமத்து வாசிகசாலைகளிலே இம்மூன்றாம் வகையினரை நன்கு காணலாம். பத்திரிகை ஒன்று, வாசகர் எட்டுப் பேர். முதற்பக்கம் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் கையில். விளையாட்டுப் பக்கம் இளைஞர் கையில். சினிமாப் பக்கம் மட்டும் எவர் கையில் இருக்கின்றதென்று தெரியாது, அது வேறொரு பக்கத்தினுள்ளே மடிந்து கிடக்கும். முழுப் பத்திரிகையையும் படித்தவர் ஒருவரும் இலர். ஆயினும் பத்து மணியாவதற்குள் அனைவரும் நாட்டு நடப்பைப் பற்றி வாதிடத் தகுதி பெற்றுவிடுவர். தலைப்புக்கள் தரும் தகுதி அது. இப்பொழுது கைத்தொலைபேசியின் வழியாக வாசிகசாலை ஒவ்வொருவர் சட்டைப் பைக்குள்ளும் புகுந்துவிட்டமையால், செய்தியின் உடலைக் காண்போர் தொகை இன்னும் குறைந்துவிட்டது. தலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றோம்.

நானோ பல ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவன். அதிபர் நாற்காலியில் அமர்ந்த பின்னரும் அந்த நோய் என்னை விட்டபாடில்லை. பிறர் தலைப்பிலே செய்தியைத் தேடுவர். நான் எழுவாயைத் தேடுவேன். ஒரு செயல் நடந்ததென்றால் அதைச் செய்தவர் யார் என்று கேட்பது இலக்கணக்காரனின் முதற்கடமையன்றோ? ‘வந்தான்’ என்ற அளவிலே நிற்கும் வாக்கியமும் உண்டு. அங்கே ‘அவன்’ என்பது வெளிப்படாது மறைந்து நிற்கும். அதனைத் தோன்றா எழுவாய் என்போம். ஆனால் மறைந்து நிற்பவனை நாம் அறிவோம். பத்திரிகைத் தலைப்பிலே மறைந்து நிற்பவரை யார் அறிவார்?

எந்த ஒரு நாளின் பத்திரிகையிலும் காணத்தக்க சில தலைப்புக்களைப் பாருங்கள். ‘நடவடிக்கை எடுக்கப்படும்.’ ‘குழு நியமிக்கப்படவுள்ளது.’ ‘குறைபாடுகள் நிவர்த்தி செய்யப்படும்.’ எடுக்கப்படும் என்றால் எடுப்பவர் யார்? வகுப்பிலே ஒரு மாணவனைக் கேட்டால், “அரசாங்கம், சேர்” என்பான். அரசாங்கத்தைக் கேட்டால், “உரிய அதிகாரிகள்” என்னும். உரிய அதிகாரியைத் தேடிக் கந்தோருக்குச் சென்றால், அவர் கூட்டத்துக்குப் போயிருப்பார். அந்தக் கூட்டமும் ஒரு குழுவை நியமிப்பதற்காகவே கூட்டப்பட்டிருக்கும். செயப்பாட்டு வினை என்னும் இந்த ஒரு வசதி தமிழில் இல்லாது போயிருந்தால், நமது பத்திரிகைகளின் முதற்பக்கம் பாதி வெறுமையாய்க் கிடந்திருக்கும் என்பது என் துணிபு.

இதனினும் வியப்புக்குரியது தன்வினை, பிறவினை என்னும் பாகுபாடு. பொருள்களின் விலை கூடுகின்றபோது தலைப்பு தன்வினையிலே அமையும்: ‘பாண் விலை உயர்ந்தது.’ படிப்பவருக்குப் பாண் தானே ஓர் ஏணியைக் கொணர்ந்து சாத்தி ஏறிவிட்டது போலத் தோன்றும். அதே விலை இறங்குகின்றபோதோ, தலைப்பு பிறவினைக்கு மாறிவிடும்: ‘பாண் விலையைக் குறைத்தார் அமைச்சர்.’ அப்பொழுது எழுவாய் மறைந்து நிற்பதில்லை. மாலையும் கழுத்துமாய், நிழற்படத்தோடு வந்து நிற்கும். ஏறும்போது பாண் ஏறுகின்றது. இறங்கும்போது அமைச்சர் இறக்குகின்றார்.

விளையாட்டாகச் சொல்லுகின்றேன் என்று எண்ணவேண்டா. 2021 டிசெம்பர் இறுதியில் லீற்றர் ஒன்று 177 ரூபாவாக இருந்த சாதாரண பெற்றோல், 2022 யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அந்த ஆறு மாதமும் நாம் படித்த தலைப்புக்களில் எல்லாம் அது ‘உயர்ந்தது’, ‘எகிறியது’, சில நாள் ‘விண்ணைத் தொட்டது’. யூலை நடுவிலே 20 ரூபா குறைந்தபோதுதான் ‘குறைப்பு’ என்ற சொல்லும், குறைத்தவர்களின் பெயரும் தலைப்பில் ஏறின. இடையிலே ‘விலைத் திருத்தம்’ என்றொரு சொல்லும் வழங்கியது. திருத்தம் என்றால் ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும்: பிழையைச் சரியாக்குவது. சிவப்பு மையால் நாங்கள் திருத்தினால் பிள்ளையின் பிழை ஒன்று குறையும். இந்தத் திருத்தத்திலோ மக்களின் பணப்பைதான் குறைந்தது. 2018 இலே எரிபொருளுக்கு ‘விலைச் சூத்திரம்’ என்று ஒன்று வந்தது. சூத்திரம் என்ற சொல்லைக் கண்டதும் நான் நன்னூலை நினைத்து மகிழ்ந்தேன். அச்சூத்திரத்துக்கு விருத்தியுரை எழுதத் தக்கவர் முச்சக்கரவண்டிச் சாரதியே என்பதைப் பின்னர் வரிசையில் நின்றவர்கள் அறிந்தனர்.

இந்தத் தன்வினை நோய் புதியதன்று. நான் பிறப்பதற்கு முன்னர், 1953 யூலையிலே, பங்கீட்டு அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ‘உயர்ந்தது’. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் ‘கூடின’. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கிய மதிய உணவு ‘நின்றது’. நின்றது என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளையின் கையிலிருந்த உணவு, வழியிலே களைத்துத் தானே நின்றுவிட்டதாம்! அந்தப் பிள்ளையின் தாய்க்கு இலக்கணம் தெரிந்திராது. ஆனால் நிறுத்தியவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகஸ்ட் 12 ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் இறங்கியது. உயிர்கள் சிலவும் பலியாயின. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றிலே ஏறிக் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். துறந்தார் என்னும் வினைமுற்றுக்கு எழுவாய் தெளிவாகவே இருந்தது.

எழுபது ஆண்டு அளவிலே, 2022 இல், அதே பாடம் மீண்டும் நடந்தது. காலிமுகத்திடலிலே கூடிய இளைஞர்கள் தமது முழக்கத்தின் முதற்சொல்லாகவே ஒரு பெயரை வைத்தனர். அதன் பின்னர் பத்திரிகைகளும் பெயரை மறைக்க இயலவில்லை. யூலை 9 இலே சனங்கள் சனாதிபதி மாளிகையினுள் புகுந்து அங்குள்ள தடாகத்திலே நீந்தினர். 13 இலே சனாதிபதி விமானமேறி மாலைதீவுக்குச் சென்றார். முன்னது கப்பல், பின்னது விமானம். நாடு முன்னேறவில்லை என்று யார் சொல்லக்கூடும்?

அந்த ஆண்டின் மார்ச் மாதத்திலேதான் பத்திரிகை உலகத்திலும் பாடசாலை உலகத்திலும் ஒரே நோய் கண்டது. தாள் இல்லை. கொழும்பிலிருந்து வெளிவரும் ஓர் ஆங்கில நாளிதழும் அதன் சிங்களச் சகோதர இதழும் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த நேர்ந்தது. மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சை தள்ளிவைக்கப்பட்டது. வினாத்தாள் அச்சிடத் தாளும் மையும் இல்லை. பரீட்சை ஒத்திவைக்கப்பட்டதென்று கேட்டால் துள்ளிக் குதிப்பது மாணவர் இயல்பு. அம்முறை அவர்கள் குதித்ததாக நான் கேள்விப்படவில்லை. தாள் இல்லாத நாட்டிலே வீட்டில் வேறு எவை இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி, மடித்து ஒளித்து வைத்த சினிமாப் பக்கத்துக்கு வருவோம். அரசியற் பக்கத்திலே வினை உண்டு, எழுவாய் இல்லை என்றேன். சினிமாப் பக்கத்திலோ எழுவாய் தாராளமாக உண்டு; வினைதான் இல்லை. நடிகர் பெயர், நடிகை பெயர், அதன்பின் ஒரு கேள்விக்குறி. மணம் முடித்தார்களா, முடிப்பார்களா, முடித்துப் பிரிந்தார்களா என்பதை வாசகரே நிரப்பிக்கொள்ளவேண்டும். ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்ற பயிற்சியை நாங்கள் ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டோம். பத்திரிகைகள் முதியோருக்கும் அதனைத் தொடர்ந்து நடத்துகின்றன.

இவ்விரு பக்கங்களும் கலந்துவிடுகின்ற நாள்களும் உண்டு. நாவலப்பிட்டியிலே 1917 இல் பிறந்த ஒரு குழந்தை, திரையிலே வாள் சுழற்றி, 1977 இல் தமிழ்நாட்டு முதலமைச்சராயிற்று. சிங்களத் திரையின் பெருநடிகர் காமினி பொன்சேகா 1995 இல் நமது வடக்கு கிழக்கு மாகாணத்துக்கு ஆளுநரானார். மாத்தறை மாவட்டத்திலிருந்து 2010 இல் நாடாளுமன்றம் சென்ற சனத் ஜயசூரிய, மறு ஆண்டு இங்கிலாந்திலே நாட்டின் அணிக்காகத் துடுப்பெடுத்தாடினார். பாராளுமன்ற உறுப்பினர் ஆட்டமிழந்தார் என்ற செய்தியை முதற்பக்கத்தில் இடுவதா, கடைசிப் பக்கத்தில் இடுவதா என்று அன்று பத்திரிகைக் கந்தோர்களிலே வாதம் நடந்திருந்தால் நான் வியப்படையேன்.

எழுவாய் குறையாது நிறைந்து விளங்கும் பக்கம் ஒன்றே ஒன்று நமது பத்திரிகைகளில் உண்டு. நேயர்களும் வானொலியிலே நெடுங்காலம் கேட்டுப் பழகியதே. மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னின்னாரின் மாமனார். ஒருவர் பெயரும் விடுபடாது. விடுபட்டால் எட்டாம் நாளிலே சண்டை வரும். நம்மவர் மூத்தோர் பலர் பத்திரிகையை அப்பக்கத்திலிருந்தே படிக்கத் தொடங்குவதற்குக் காரணம் துயரம் மட்டுமன்று. யார், எவர், எங்கே என்ற கேள்விகளுக்கு நேர்மையான விடை கிடைப்பது அங்கேதான்.

சென்ற தவணையிலே பத்தாம் வகுப்புக்கு ஓர் இலக்கணப் பயிற்சி கொடுத்தேன். பத்திரிகைத் தலைப்புக்கள் பத்தைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் காண்க என்றேன். பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் ‘அரசாங்கம்’ என்றே எழுதி வைத்தனர். ‘கிராமத்து வீதி விரைவிற் செப்பனிடப்படும்’ என்பதற்கு மட்டும் ஒரு மாணவி, ‘எழுவாய்: அடுத்த தேர்தல்’ என்று எழுதியிருந்தாள். இலக்கணப்படி அதற்குப் புள்ளி இட வழியில்லை. அவள் நாள்தோறும் அவ்வீதியாலேதான் துவிச்சக்கரவண்டியில் பாடசாலைக்கு வருபவள். முழுப் புள்ளியும் இட்டேன்.