அறியாதார் எங்ஙனம் அளிப்பர்?

(அட்சய திருதியை விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



அட்சய திருதியை என்றவுடன் நம் இல்லத்துச் சிறுவர்க்கும் நினைவுக்கு வருவது கருப்பஞ்சாறு. ஆதிபகவனாகிய விருஷபதேவர் துறவு பூண்டு, ஓராண்டுக்கும் மேலாக உண்ணாதிருந்து, அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் அளித்த கருப்பஞ்சாற்றை ஏற்றருளிய நன்னாள் இது. ஸ்ரீபுராணம் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்க்கு இக்கதை புதிதன்று. எனினும் அதனுள் ஒரு கேள்வி மறைந்திருக்கின்றது. பகவான் பட்டினியாயிருந்தது எதனால்? நாட்டில் பஞ்சம் இல்லை. கொடுக்க மனமில்லாத மக்களும் இல்லை. அவர் சென்ற ஊர்தோறும் மக்கள் ஓடி வந்து வணங்கினர். பொன்னும் மணியும் பட்டும் யானையும் குதிரையும் கொணர்ந்து முன்வைத்தனர். ஒரு கைப்பிடி உணவை முறைப்படி ஏந்தி நிற்க வேண்டும் என்பது மட்டும் ஒருவர்க்கும் தெரியவில்லை. கொடை இருந்தது, அன்பு இருந்தது, அறிவு இல்லை.

சிரேயாம்சனுக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது? பகவானைக் கண்ட அளவில் அவனுக்கு முற்பிறப்பு நினைவுக்கு வந்தது. அப்பிறவியில் பகவான் வஜ்ரஜங்கன் என்னும் மன்னன். சிரேயாம்சன் அவன் தேவி ஸ்ரீமதி. இருவரும் சேர்ந்து சாரண முனிவர்க்கு ஆகாரதானம் செய்தவர்கள். அந்தப் பழைய தொடர்பே வேண்டிய நேரத்தில் வேண்டிய பொருளைக் கையில் எடுத்துக் கொடுத்தது. நாடெங்கும் நிறைந்திருந்த அன்பினால் ஆகாதது, முன்பே அறிந்திருந்த ஒருவனால் ஆயிற்று.

இன்றைய உரைக்கு இதுவே பொருள். இடர்க்காலத்தில் மனிதர்க்கு மனிதர் துணையாதல் எவ்வாறு? இக்காலத்தார் ‘நெட்வொர்க்’ என்று வழங்குகின்ற ஒன்றை நம் முன்னோர் கேண்மை என்றனர், தொடர்பு என்றனர், சுற்றந்தழுவுதல் என்றனர். நாம் போற்றும் திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’, ‘சுற்றந்தழால்’, ‘நட்பு’, ‘நட்பாராய்தல்’ எனத் தனித்தனி அதிகாரங்கள் இதற்கென்றே அமைந்துள்ளன. ஆகவே இது புதிய வணிகர்கள் கண்டுபிடித்த தந்திரமன்று. இல்லறத்தின் ஓர் உறுப்பு.

இதற்கு நம் சமுதாயத்தோடு நெருங்கிய ஒரு சான்று உண்டு. 1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தார். அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையருக்கு அப்போது வயது இருபது. செல்வம் இல்லாத குடும்பம். தமிழன்றி வேறு கல்வி இல்லை. நிழலாயிருந்த ஆசிரியரும் இல்லை. அந்நிலையில் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரைக் கைவிடாது ஆதரித்தார்.

நான்காண்டுகள் கழிந்தன. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் காலம் வந்தது. அவரும் மகாவித்துவானின் மாணவரே. தம் இடத்துக்குத் தக்கவர் என்று அவர் சாமிநாதையரைக் காட்டினார். கல்லூரிப் பேராசிரியர்கள் அவருடைய புலமையைச் சோதித்துப் பார்த்தே ஏற்றுக்கொண்டனர். 1880இல் அவர் பணியேற்றார். பரிந்துரை கதவைத் திறந்தது. உள்ளே நிலைபெறச் செய்தது அவர் கற்ற கல்வி. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த வேலை நிலைத்திராது.

அதே ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் முன்சீபாகக் கும்பகோணம் வந்தார். அவரைச் சென்று காணுமாறு சாமிநாதையரைத் தூண்டியவர் சுப்பிரமணிய தேசிகர். முதலியார், சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்க விரும்பினார். திருத்தக்கதேவர் அருளிய அந்நூலைச் சாமிநாதையர் அதுவரை கற்றதில்லை. நூலைக் கையில் எடுத்தபோது சொல் புரிந்தது; பொருள் புரியவில்லை. சமண நெறியின் மரபும் கதைகளும் தத்துவங்களும் அவருக்குத் தெரியா. அவர் அறிந்த வித்துவான்களுள்ளும் அவற்றை விளக்க வல்லார் எவரும் இலர். ஒரு புலவனுக்கு இதனினும் இடர் வேறு யாது?

‘தெரியாது’ என்பதை அவர் மறைத்துவைக்கவில்லை. ஊரில் சமண இல்லங்கள் உண்டு என்று கேட்டறிந்து தேடிச் சென்றார். சென்ற நாளில் அவ்வீட்டு வாயிலில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேடம் என்று வினவியபோது, சிந்தாமணி சிரவணம் அன்று நிறைவெய்தியது என்று விடை வந்தது. தமிழுலகம் மறந்துவிட்டது என்று எண்ணப்பட்ட காப்பியம் ஒரு சமண இல்லத்தின் கூடத்தில் விழாவெடுத்துப் படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது! சந்திரநாத செட்டியார், குணபால செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலான நம்மவர்கள் அந்தச் சைவ இளைஞருக்குத் தம் நெறியின் நுட்பங்களைத் தயக்கமின்றி எடுத்துரைத்தனர். ஆர்வத்தோடு அவர் வினவிய வினாக்களைக் கேட்டு, அவரைப் பவ்யஜீவன் என்று மதித்தனர். பின்பு பல இடங்களிலிருந்து ஏடுகள் வந்தன. அச்சிடும் செலவுக்குப் பலரிடம் கையொப்பம் பெறப்பட்டது. 1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறியது.

இந்நிகழ்ச்சியில் எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, இத்தொடர்பில் எந்தக் கண்ணியும் அன்றைய தேவைக்காக அன்று உண்டானதன்று. தியாகராச செட்டியாரின் அன்பு, ஒரே ஆசிரியரிடம் பயின்றதால் விளைந்தது. கும்பகோணத்துச் சமணர்களின் அறிவு, பயன் கருதாமல் தலைமுறை தலைமுறையாக நூலைப் படித்து வந்ததால் விளைந்தது. மழைக்காலத்தில் நீர் தேக்காத ஏரி கோடையில் பாயாது. துன்பம் வந்த பின்னர் உறவைத் தேடுபவன், தாகம் எடுத்த பின்னர்க் கிணறு வெட்டுபவனே ஆவான்.

இரண்டாவது, உதவி தம் கூட்டத்துக்கு வெளியேயிருந்தும் வந்தது. சாமிநாதையர் தம் மரபினரோடு மட்டும் பழகியிருந்தால் சிந்தாமணிக்குப் பொருள் கண்டிருக்க முடியாது. நம்மவர்கள் ‘இவர் வேற்று நெறியினர்’ என்று கதவை அடைத்திருந்தால் அந்நூல் அவர் கையால் வெளிவந்திராது. எண்ணிக்கையில் சிறிய சமுதாயத்துக்கு இது முக்கியமான பாடம். நமக்குள் நெருங்கியிருத்தல் வேண்டும். அதே வேளையில் வாயிலும் திறந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, கேட்டவர் நாணவில்லை. இங்கேதான் இன்றைய நம் நிலையை நாம் நேர்நின்று நோக்க வேண்டும்.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணிப் பகுதிச் சிற்றூர்களில் நம் குடும்பங்கள் அருகருகே வாழ்ந்த காலத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லையென்றால் மறுவீட்டுக்கு அது தெரியாமல் போகாது. விளைச்சல் பொய்த்ததும், மாடு இறந்ததும், திருமணம் தடைப்பட்டதும் ஆலய மண்டபத்தில் பேசப்பட்டன. இன்று பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். வேலையை இழந்த ஓர் இளைஞன் முதலில் செய்வது யாது? ஆலயத்துக்கு வருவதை நிறுத்துகின்றான். ‘எங்கே வேலை?’ என்று எவரேனும் கேட்டுவிடுவரோ என்னும் அச்சம். அவன் பெற்றோரும் ‘பையன் நன்றாக இருக்கிறான்’ என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். 2020இல் பொதுமுடக்கம் வந்தபோது இவ்வாறு கதவை மூடிக்கொண்டு துன்புற்ற குடும்பங்கள் எல்லாச் சமுதாயத்திலும் இருந்தன. அடுத்த தெருவில் உதவக்கூடியவர் இருந்தும் அவருக்குச் செய்தி எட்டவில்லை. பகவான் முன் யானையும் பொன்னும் நின்ற காட்சி இதுவே. அறியாதார் எங்ஙனம் அளிப்பர்?

சிலர் கேட்கலாம்: பகவான் வாய்திறந்து கேட்கவில்லையே, நாம் மட்டும் கேட்கலாமா? துறவிக்கு மௌனம் விரதம். அவர் பசியையும் நோற்பவர். இல்லறத்தான் மனைவி மக்களைக் காக்கும் கடமை உடையவன். அவனுடைய மௌனம் பெரும்பாலும் விரதமன்று. மானம் என்னும் கஷாயம். குரோதம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கும் வினையை ஒட்டவைக்கும் பசை என்பது நம் ஆகமம். இல்லாத நிலையை ஒப்புக்கொள்ள மறுப்பது மானம். இருப்பதாகக் காட்டிக் கடன்பட்டு விழா எடுப்பது மாயை. ‘இவரால் நமக்கு என்ன கிடைக்கும்’ என்று கணக்கிட்டு மட்டுமே பழகுவது உலோபம். முதல் இரண்டும் துன்புற்றவனைத் தனிமைப்படுத்தும். மூன்றாவது நட்பையே சந்தையாக்கிவிடும். இவற்றுக்கு மருந்தாகவே தசதருமத்துள் மார்தவம், ஆர்ஜவம், சௌசம் என்பன வைக்கப்பட்டுள்ளன. பணிவோடு கேட்பதும், உள்ளதை உள்ளவாறு சொல்வதும், ஆசையின்றிப் பழகுவதும் உலகியல் திறமைகள் மட்டுமல்ல; அவை அறங்கள்.

கேட்பவனுக்கு இவ்வளவு கடமை உண்டென்றால், கேட்கப்படுபவனுக்கு அதனினும் மிகுதி உண்டு. நற்காட்சியின் எட்டு அங்கங்களை அருங்கலச்செப்பு பயின்றவர் அறிவர். அவற்றுள் உபகூகனம், ஸ்திதிகரணம், வாத்சல்யம் என்னும் மூன்றும் இங்கே வழிகாட்டுகின்றன. பிறர் குறையை ஊரறியப் பேசாது மறைத்தல் உபகூகனம். நிலை தளர்ந்தவரைத் தாங்கி நிறுத்தல் ஸ்திதிகரணம். அறவழியினர்பால் கன்றிடத்துப் பசுவைப்போல் அன்பு செலுத்துதல் வாத்சல்யம். இவற்றின் வரிசையைக் கருதுக. மறைபொருளைக் காப்பவரிடமே துன்புற்றவர் மனந்திறப்பர். ஒரு வீட்டின் துயரம் பந்தியில் பேசப்படும் ஊரில் எந்த இளைஞனும் வாய்திறக்கமாட்டான். ஆகவே உதவிக்கு முதற்படி பணமன்று, நாவடக்கம்.

செய்யத்தக்கவை எளியவையே. ஒவ்வோர் ஊரிலும், நகரின் ஒவ்வொரு பகுதியிலும், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரையும் அம்மையார் ஒருவரையும் அறக்கட்டளை அமர்த்தலாம். வேலை இழந்தவர், கல்விக் கட்டணத்துக்கு வழியறியாதவர், நோயாளியோடு தனித்திருப்பவர் அவர்களிடம் மட்டும் சொன்னால் போதும் என்னும் நிலை வேண்டும். எந்தத் தொழிலில் எவர் இருக்கின்றார், எதைக் கற்பிக்க வல்லார் என்னும் பட்டியல் ஒன்று, அவரவர் ஒப்புதலோடு ஆலய அலுவலகத்தில் இருக்கலாம். ஓய்வுபெற்றவர்கள் திங்களில் ஒரு நாள் இளைஞர்க்கு விண்ணப்பம் எழுதவும் நேர்காணலுக்கு ஆயத்தமாகவும் துணைசெய்யலாம். கேட்பவரும் ‘ஏதேனும் ஒரு வேலை’ என்று கேளாது, தாம் கற்றது யாது, செய்தது யாது, தேடுவது யாது என்று தெளிவாகக் கூறுதல் நலம். அப்போதுதான் கேட்டவர் அதனை மற்றொருவரிடம் கொண்டுசெல்ல முடியும். பரிந்துரைப்பவர் தம் நற்பெயரையே பிணையாக வைக்கின்றார் என்பதைப் பெறுபவர் மறத்தலாகாது. உதவி பெற்று நிமிர்ந்தவர், அடுத்து வருபவர்க்கு அதே கையை நீட்டுவதே நன்றி.

உயிர்கள் ஒன்றற்கொன்று உதவுதலைத் தத்துவார்த்த சூத்திரம் உயிரின் இயல்பாகவே கூறுகின்றது. வினையின் பயனை அவரவரே நுகர வேண்டும் என்பது உண்மை. ஆயின் அதனைக் காரணங்காட்டித் துன்புறுவாரை விட்டு விலகுதல் அறமன்று. அவர் வினை அவருடையது; நாம் காட்டும் அன்பும் காட்டாத அன்பும் நம்முடைய வினை.

இன்று பந்தி முடிந்து புறப்படுமுன், இதுவரை பேசிப் பழகாத ஒரு குடும்பத்தாரிடம் சென்று அமருங்கள். ‘எந்த ஊர்?’ என்று தொடங்குங்கள். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருங்கள். ஆலயத்துக்கு வராமல் நின்றுவிட்ட ஒருவர் நினைவுக்கு வந்தால் நாளைக் காலை அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டா. சிரேயாம்சன் காத்திருக்கவில்லை, அரண்மனை வாயிலுக்கு எதிர்கொண்டு வந்து நின்றான்.

ஜினதருமம் ஓங்குக! அனைத்துயிரும் நலம் பெறுக!